குமரி மாவட்டத்தில் மழைக்காலச் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து சைக்கிள் ஓட்ட வருகிற கூட்டம் பாதியாகிவிடும். வராமல் நின்றவர்கள், புதிதாக வர நினைப்பவர்கள், பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் நாகர்கோவில் பக்கம் ஓட்டுகிறவன். அதனால் நாஞ்சில் நாட்டு ரோடுகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருப்பேன். விளவங்கோட்டுக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

மழை முடியும்வரை சைக்கிளை ஓரமாகச் சாத்தி வைத்துவிடலாமே?

வைக்கலாம். ஆனால் நம் மாவட்டத்தில் மழை எப்போது முடிகிறது? ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை நம்மையும் நனைத்துவிட்டுத்தான் போகும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். டிசம்பர் வரை அதன் காலம். இரண்டு மழையும் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு மழையில்லாத மாதம் வரட்டும் என்று காத்திருந்தால், கடைசியில் கையில் மிஞ்சுவது மாசி, பங்குனி வெயில்தான்.

இரண்டு மழைக்கும் குணம் வேறு. ஆனி, ஆடியில் காற்றும் சாரலுமாக நாள் முழுக்க விட்டு விட்டுத் தூறும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழி வரை சிரிக்கச் சிரிக்கப் போய்விட்டு, நாகர்கோவில் திரும்பும்போது மிதிக்க முடியாமல் திணறுபவர்களைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை அப்படியில்லை. பெரும்பாலான நாள் காலையில் வானம் வெளுத்திருக்கும், மதியத்துக்கு மேல் கறுக்கும், சாயங்காலம் இடியோடு கொட்டும். அதனால் காலை ஐந்தரையிலிருந்து எட்டரைக்குள் ஓட்டி முடிப்பவர்களுக்கு இது உண்மையில் நல்ல பருவம். தூசி அடங்கியிருக்கும், குளமெல்லாம் நிறைந்திருக்கும். மார்கழியில்கூட நாகர்கோவிலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. குமரிக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

நம் ஆட்கள் நனைவதற்குப் பயப்படுகிற அளவுக்குப் பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. கீழே இருக்கிற பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

நனைந்தால் காய்ச்சல் வரும் என்று வீட்டில் திட்டுகிறார்களே?

சளியும் காய்ச்சலும் வைரஸால் வருவது. ஆனாலும் நனைந்த சட்டையோடு காற்றில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் உடம்பு நடுங்கத்தான் செய்யும். ஒரு சட்டையையும் ஒரு துவர்த்தையும் (துண்டையும்) பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கேரியரில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

நிஜமாகப் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து, காலில் இருக்கும் புண், சிராய்ப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். காலில் காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன்பிறகு சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் டாக்டரிடம் போய், தண்ணீரில் இறங்கிய விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கியர் சைக்கிள்தான் வேண்டுமா?

வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளே போதும். அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் பெரும்பாலும் சமதரை. தக்கலை தாண்டி மேற்கே போகப் போகத்தான் ஏற்றமும் இறக்கமுமாக வரும். திருவட்டாறு, குலசேகரம், அருமனை பக்கம் தினமும் ஓட்டுபவர்களுக்குக் கியர் இருந்தால் முட்டிக்கு நல்லது. ஆயிரங்களைக் கொட்டி இறக்குமதிச் சைக்கிள் வாங்கிவிட்டு, மழையில் எடுக்க மனசு வராமல் போர்வை போட்டு மூடி வைத்திருப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களைவிட, துருப்பிடித்த கம்பி பிரேக் வண்டியில் தினமும் பால் கறந்து கொண்டுபோகிறவருக்கு மழைச் சைக்கிளைப் பற்றி அதிகம் தெரியும்.

மழையில் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறதே, ஏன்?

ரிம்மில் கட்டை உரசி நிற்கிற வண்டி என்றால், ரிம் நனைந்தவுடன் ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே தண்ணீர் ஒரு படலமாக நிற்கும். லீவரை அழுத்தியதும் கட்டை முதலில் அந்தத் தண்ணீரைத் துடைக்கிறது. சக்கரம் ஓரிரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் பிடி கிடைக்கிறது. அந்த ஓரிரண்டு சுற்றுக்குள் வண்டி நாலைந்து மீட்டர் போயிருக்கும். பளபளவென்று முலாம் பூசிய இரும்பு ரிம் இதில் படுமோசம். அலுமினிய ரிம் பரவாயில்லை. டிஸ்க் பிரேக் நனைந்தால் கீச்சென்று கத்தும், ஆனால் நிற்கும்.

ஆகவே இறக்கத்துக்கும் திருப்பத்துக்கும் முன்னாலேயே இரண்டு லீவரையும் லேசாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள். ரிம் துடைபட்டுத் தயாராக இருக்கும், தேவைப்படும்போது அழுத்தினால் பிடிக்கும். திருப்பத்தின் நடுவில் முன் பிரேக்கைச் சட்டென்று இழுக்கவே கூடாது. முன்சக்கரம் வழுக்கினால் கை ஊன்றக்கூட நேரம் இருக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். மழை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிரேக் கட்டையின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தால் நறநறவென்று இருக்கும். நம்மூர்ச் செம்மண் ரோட்டுச் சரல் அதில் போய்ப் பதிந்திருக்கும். அப்படியே விட்டால் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அது ரிம்மை அராவும். ஊசி முனையாலோ பழைய ஸ்போக் கம்பியாலோ நோண்டி எடுத்துவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். கட்டையில் வெட்டியிருக்கும் கோடு மறைந்துபோயிருந்தால் மாற்றிவிடுங்கள். சைக்கிளிலேயே விலை குறைந்த சாமான்களில் ஒன்று அது.

குடை பிடித்துக்கொண்டு ஓட்டலாமா?

கூடாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எந்த ஊர் முக்கில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்: ஒரு கையில் குடை, மறு கையில் ஹேண்டில் பார், முதுகில் பை, பின்னால் கேரியரில் இன்னொரு பிள்ளை. ஒரு கைக்கு ஒரு பிரேக்தான் எட்டும். நனைந்த ரிம்மில் இரண்டு பிரேக்குமே போதாது என்று இப்போதுதான் சொன்னேன். எதிரே ஒரு பஸ் கடந்து போனால் அந்தக் காற்று குடையோடு ஆளையும் சேர்த்து இழுக்கும்.

அப்படியானால் என்ன போடுவது?

சட்டையும் பேண்ட்டுமாகத் தைத்த மழைக்கோட்டு நல்லது. ஆனால் உள்ளே வியர்த்து எப்படியும் நனைவீர்கள். சின்னத் தூறலுக்கு நான் எதுவும் போடுவதில்லை. தலைவழியாக மாட்டிக்கொள்ளும் தொளதொளப்பான மழைப்போர்வை காற்றில் பறந்து சக்கரத்தில் மாட்டும், அது வேண்டாம். துப்பட்டாவையும் சேலை முந்தானையையும் இடுப்பில் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும். மழையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆள் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்.

காலுக்கு, பின்னால் வார் வைத்த செருப்பு. சாதா ரப்பர் செருப்பு நனைந்த பெடலில் வழுக்கி, முட்டிக்குக் கீழே தோலை உரித்துவிடும். போன், சாவி, பணம் மூன்றையும் கவரில் போட்டு வாயைக் கட்டுங்கள்.

மட்கார்டு இல்லாத நவீனச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் முதுகில் சேறு கோடு போடுவது உங்கள் பாடு. பின்னால் வருகிறவர் வாயிலும் அது விழுகிறது. மட்கார்டு மாட்டிக்கொண்டு வாருங்கள்.

எந்த ரோடு நல்லது? எதில் போகக் கூடாது?

புதியவர்களை நான் முதலில் கூட்டிப்போவது சுசீந்திரம், தேரூர் பக்கம். குளத்தங்கரை, வயல், தென்னந்தோப்பு என்று சமதரையாகப் போகும், வண்டிகளும் குறைவு. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் சேர்ந்த ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கார்த்திகை, மார்கழியில் வெளியூர்ப் பறவைகள் வந்திருக்கும், நின்று பார்க்காமல் யாரும் கடப்பதில்லை. வேகமாக ஓட்ட வந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

அடுத்தது புத்தளம் உப்பளங்களை ஒட்டி மணக்குடி வரை. பழையாறு கடலில் சேரும் இடம் அது. 2004 சுனாமியில் பழைய பாலம் போய், பிறகு புதிதாகக் கட்டினார்கள். அங்கிருந்து சொத்தவிளை, பள்ளம், சங்குத்துறை என்று கடலோரமாகவே போகலாம். கடல் சீற்ற எச்சரிக்கை இருக்கும் நாளில் இந்தப் பக்கம் வேண்டாம். மற்ற நாளிலும் காற்றில் உப்பு இருப்பதால் வீடு திரும்பியதும் வண்டியைக் கழுவியே ஆகவேண்டும்.

சானல்கரை, அதாவது பாசனக் கால்வாய்க் கரைப் பாதைகள் வெயில் காலத்தில் அருமை. மழையில் கரை மண் இளகிக் கிடக்கும். ஒரு பக்கம் சானலில் தண்ணீர் நிறைய ஓடும். நீச்சல் தெரியாத பிள்ளைகளோடு அதில் போகாதீர்கள்.

தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை போகும் தேசிய நெடுஞ்சாலையைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். ரோடு குறுகல். கனிமம் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஓரத்துக் குழி தண்ணீரில் மறைந்திருக்கும். அந்தக் குழிக்குப் பயந்து நீங்கள் ரோட்டுக்குள் ஒடிக்கிற அந்த நொடியில்தான் பின்னால் லாரி வரும். மேம்பாலங்களில் குறுக்கே போட்டிருக்கும் இரும்புப் பட்டைகளும் நனைந்தால் சோப்பு மாதிரி. அதன்மேல் நேராகப் போங்கள், சாய்ந்து திரும்பாதீர்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் டயர் இடுக்கில் இறங்கிவிடும். ரோட்டில் அடித்திருக்கும் வெள்ளைக் கோடும், ரப்பர் தோட்டத்து ரோடுகளில் உதிர்ந்து ஊறிக் கிடக்கும் இலையும் அதே ரகம்.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் மழை நாளில் போகவே வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கி வரும். திற்பரப்பு அருவிக்கும் இதே நியாயம். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. நீர்மட்டம் அதை நெருங்கினால் உபரித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் பேப்பரில் அணை நிலவரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, கடந்துவிடலாமா?

தண்ணீருக்கடியில் ரோடு தெரிகிறதா? தெரிந்தால் மெதுவாக, நடு ரோட்டில், மிதிப்பதை நிறுத்தாமல் போகலாம். தெரியாவிட்டால் இறங்கித் திரும்புங்கள். மூடியில்லாத ஓடையும் ரோடு அறுத்துக்கொண்டு போன இடமும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓடுகிற தண்ணீர் என்றால் முட்டளவுகூட வேண்டாம், அதற்கும் குறைவான தண்ணீரே சைக்கிளைத் தள்ளிவிடும்.

எந்த அளவு மழைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை ரத்து செய்கிறீர்கள்?

எங்கள் வழக்கம் இது. வானிலை ஆய்வு மையம் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தால் காலையில் வானத்தைப் பார்த்து முடிவு. ஆரஞ்சு என்றால் முந்தின இரவே ரத்து. சிவப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அதைக் கனமழை என்கிறார்கள், 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பரும் வாழையும் தென்னையும் ரோட்டில் கிடந்த ஊர் இது.

இடிக்குத் தனி விதி. சத்தம் கேட்டாலே நிறுத்தம்தான். வயல் நடுவில் போகும் ரோட்டில் சைக்கிள்காரன்தான் உயரமான பொருள். ஒற்றை மரத்தடியில் ஒதுங்காமல் ஒரு கட்டடத்துக்குள் போங்கள்; கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் தண்ணீரையே தொடாதீர்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, ஆம்புலன்ஸ் 108.

ரத்து செய்கிற அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பத்துப் பேரிடம் கேட்டால் ஒருத்தர், "இதெல்லாம் ஒரு மழையா மக்கா" என்பார். அப்புறம் மானத்துக்கு அஞ்சி எல்லாரும் கிளம்புவார்கள்.

கூட்டமாகப் போகும்போது எனக்கு ஈடுகொடுக்க முடியாவிட்டால்?

கூட்டம் உங்களுக்கு ஈடுகொடுக்கும். வழி தெரிந்த ஒருவர் முன்னால், டியூபும் பம்பும் வைத்திருக்கும் ஒருவர் கடைசியில். கடைசி ஆளுக்குப் பின்னால் நம் ஆள் யாரும் இருக்கக் கூடாது, முதல் ஆளை யாரும் முந்தவும் கூடாது. மழையில் இரண்டு வண்டிக்கு நடுவே வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி. குழியைப் பார்த்தவர் கையைக் காட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருபவர் அதைக் கடத்த வேண்டும். வண்டி வரும் ரோட்டில் ஒற்றை வரிசைதான். அரட்டை அடிக்க சாயாக்கடை இருக்கிறது.

வழியில் ஒரு சாயாக்கடை நிறுத்தம் கட்டாயம். கட்டன் சாயாவும் பழம்பொரியும் கிடைக்கும் என்றால் மழையிலும் ஆள் வரும். தூரப் பயணத்துக்கு மட்டிப்பழம் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாவட்டத்தில் என்னென்ன சைக்கிள் நிகழ்ச்சிகள் உண்டு?

பிள்ளைகளுக்கு முக்கியமானது, அண்ணா பிறந்தநாளை ஒட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் சைக்கிள் போட்டி. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று ஆண், பெண் இருபாலருக்கும் பிரிவுகள் உண்டு. தூரம் 10 முதல் 20 கிலோமீட்டர் வரை. கியர் சைக்கிள் கூடாது, சாதாரண சைக்கிளைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். வாங்கிக் கொடுக்க வசதியிருப்பவன் பிள்ளைதான் ஜெயிப்பான் என்ற நிலை வராமல் இந்த விதி பார்த்துக்கொள்கிறது.

ஜூன் 3 உலக சைக்கிள் தினம், 2018-ல் ஐ.நா. அறிவித்தது. நமக்குப் பருவமழை தொடங்கும் வாரமும் அதுவேதான் என்பதால், பேரணி வைப்பவர்கள் நனையத் தயாராகவே வர வேண்டும். மத்திய அரசின் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் இயக்கம் 2024 டிசம்பரிலிருந்து நடக்கிறது. காஷ்மீரிலிருந்து வரும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் முடிவதால், நாடு முழுக்க மிதித்து வந்து முடிப்பவர்களையும் இங்கே அடிக்கடி சந்திக்கலாம். கண்டால் ஒரு சாயா வாங்கிக் கொடுங்கள்.

200 கிலோமீட்டர் பிரெவே என்கிறார்களே, மழையில் அதற்குப் போகலாமா?

பிரெவே என்பது நெடுந்தூரச் சைக்கிள் பயணம். அது பந்தயம் இல்லை, நேரக் கெடுவுக்குள் முடிப்பதுதான் கணக்கு. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. வழியில் யாரும் உதவிக்கு வர மாட்டார்கள், உங்கள் பஞ்சரை நீங்கள்தான் ஒட்ட வேண்டும். ஹெல்மெட்டும் இரவுக்கு விளக்கும் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம். மழையில் அறுபது எழுபது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் பழகாதவர் முதல் பிரெவேயை மழை மாதத்தில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

எங்கள் ஊரில் நாங்களே ஒரு சைக்கிள் பயணம் நடத்த என்ன செய்ய வேண்டும்?

பத்திருபது பேர் சேர்ந்து ஓட்டுவதென்றால் ஒன்றும் வேண்டாம், கிளம்புங்கள். பேனர், பேரணி என்று போனால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பாதையையும் நேரத்தையும் அதில் குறிப்பிடுங்கள். பாதை கிளம்பிய இடத்துக்கே திரும்புகிற சுற்றாக இருக்கட்டும், நடுவில் இரண்டு இடத்திலாவது குறுக்கே வெட்டி வீட்டுக்குத் திரும்ப வழி இருக்கட்டும். முந்தின நாள் ஒருவர் அதே பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒரு ராத்திரி மழையில் ரோடு மாறிவிடும்.

கிளம்பும் முன் எல்லார் வண்டியிலும் பிரேக், விளக்கு, டயர் மூன்றையும் பாருங்கள். பிரேக் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள், அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. சிறப்பு விருந்தினரைக் கூப்பிடாமல் இருந்தால் இன்னும் விசேஷம். அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து பேசி முடிப்பதற்குள் காலை வெளுப்புப் போய் மழை வந்துவிடும்.

மழையில் ஓட்டிய சைக்கிளை எப்படிப் பராமரிப்பது?

வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவுங்கள், பழைய துணியால் செயினைத் துடைத்துக் காயவிடுங்கள், அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விடுவது நம்மூர்ப் பழக்கம். அது நாளாக நாளாகப் பிசினாகி மண்ணைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் அடுத்த மழையில் கழுவிப் போய்விடும். செயினுக்கென்றே விற்கிற எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்தெடுங்கள். ரிம்மில் மட்டும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

சீட்டுக் குழாய்க்குள் தண்ணீர் இறங்கிப் பெடல் அச்சுக்குப் போகும். சீட்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எவ்வளவு வடிகிறது என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். மழை முடிந்ததும் தை மாதத்தில் ஒருமுறை கடையில் விட்டு ஓவராயில் செய்துவிடுங்கள், பால்ஸ் எல்லாம் கழுவிப் புதுக் கிரீஸ் வைப்பார்கள்.

மழையில் ஏன் இத்தனை பஞ்சர்?

ஓரத்துக் கண்ணாடிச் சில்லையும் முள்ளையும் தண்ணீர் ரோட்டுக்கு இழுத்து வருகிறது. ஈர டயரில் அவை எளிதாக உள்ளே இறங்குகின்றன. நனைந்த டியூபில் ஒட்டுப் பிடிக்காது. ஆகவே வழியில் ஒட்டிக்கொண்டிராமல் மாற்று டியூபைப் போட்டுவிட்டு, பஞ்சரை வீட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். புது டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி, குத்திய பொருளை எடுத்தீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த வளைவிலேயே மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும்.